பள்ளிக் கணினி: விதி யாருக்கு?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில செய்திகள் சுருக்கப்பட்டுள்ளன.)



வகுப்பறைக்கு உதவும் பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் நிபந்தனை. நல்ல நிபந்தனை. கல்விக் கொள்கை, செயற்கை நுண்ணறிவு, நான்காம் தொழிற்புரட்சி என்று மேலே மேலே போகாமல் அது என்னைக் காப்பாற்றியது. கணினி ஆய்வகத்தின் கதவில் ஒட்டியிருக்கிறதே ஒரு தாள், அதைப் பற்றி மட்டும் இன்று பேசப்போகிறேன்.

கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் கணினியையும் இணையத்தையும் எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதப்படும் விதி, அங்கே யாருக்கு அதிகாரம் அதிகமோ அவரை முதலில் கட்டுப்படுத்த வேண்டும். நம் பள்ளிகளில் இது தலைகீழாக இருக்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளை, அதுவும் மூன்று பேர் ஒரு கணினியைப் பகிர்ந்து உட்காரும் பிள்ளைக்குத் தாள் நிறைய விதி. எல்லாக் கணினிக்கும் கடவுச்சொல் வைத்திருப்பவருக்கு ஒரு வரிகூட இல்லை.

1. பழைய விதி யாரைக் கட்டியது?

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1980களின் நடுவில் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் இணைக்க என்எஸ்எஃப்நெட் என்ற வலையமைப்பை நிறுவியது. பொதுப்பணத்தில் ஓடிய அந்த வலையமைப்புக்கு ஏற்புடைய பயன்பாட்டு விதி ஒன்று இருந்தது. அதன் சாரம் எளிது: ஆய்வுக்கும் கல்விக்கும் பயன்படுத்துங்கள், வணிகத்துக்குக் கூடாது. வலையமைப்பு எதற்காக இருக்கிறது என்பதே அதன் தொடக்கம். அதிலிருந்துதான் தடை பிறந்தது. இணைந்திருந்த நிறுவனங்களைக் கட்டிய விதி அது. 1995 ஏப்ரலில் அந்த முதுகெலும்பு வலையமைப்பை நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் வழியாக இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் வந்தது.

பள்ளிகளுக்குள் இணையம் நுழைந்தபோது விதியின் முகம் மாறியது. அமெரிக்காவில் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணையக் கட்டணத்தில் சலுகை தரும் இ-ரேட் திட்டம், 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியே வந்தது. 2000 டிசம்பரில் சிபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிறார் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இணையத்துக்குச் சலுகை வாங்கும் பள்ளியும் நூலகமும் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டி வைக்க வேண்டும், பாதுகாப்புக் கொள்கை ஒன்றும் வகுக்க வேண்டும் என்றது. நூலகங்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2003இல் தோற்றன.

வடிகட்டியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு: கொள்கையை ஏற்கும் முன் அறிவிப்புக் கொடுத்து, ஒரு பொதுக்கூட்டமாவது நடத்த வேண்டும். ஊரைக் கூட்டி, இதைத்தான் தடுக்கப்போகிறோம், இப்படித்தான் பார்க்கப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். உலகெங்கும் பள்ளிகள் வடிகட்டியை விலைக்கு வாங்கின. கூட்டத்தை யாரும் விற்கவில்லை. ஆகவே அது பரவவில்லை.

2. கதவில் ஒட்டிய தாள்

நம் பக்கம் வருவோம். 2011 முதல் தமிழ்நாட்டில் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. அடுத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் வந்தது. கருவிக் குறை ஓரளவு தீர்ந்தது. விதி மட்டும் பழைய தட்டச்சுப் பயிலகத்திலிருந்து வந்ததுபோல இருக்கிறது.

தாளைப் படிப்போம். செருப்பை வெளியே விடவும். அமைதி காக்கவும். பென்டிரைவ் கொண்டுவரக் கூடாது. ஆசிரியர் சொல்லாமல் எதையும் தொடக் கூடாது. திரைப்பின்னணியை மாற்றக் கூடாது. ஏதேனும் சேதமானால் மாணவரே பொறுப்பு. பல பள்ளிகளில் ஏறக்குறைய இதே தாளைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரே டிடிபி கடையில் அடித்து மாநிலம் முழுக்க அனுப்பினார்களோ என்று தோன்றும்.

இதை எழுதியது ஆசிரியரின் கைதான். எழுதவைத்தது இருப்புப் பதிவேடு. காணாமல் போன ஒரு மவுஸுக்கு விளக்கம் எழுத வேண்டியவர் தலைமையாசிரியர். உப்பிப்போன யுபிஎஸ் பேட்டரியைக் கழித்துக்கட்ட எத்தனை கடிதம் எழுத வேண்டும் என்பது முன்வரிசையில் இருக்கும் தலைமையாசிரியர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் வருடம் முழுக்க ஆய்வகம் பூட்டியே கிடந்தது ஏன் என்று எந்தத் தணிக்கையிலும் தடை எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. திறந்தால் கேள்வி வரும், பூட்டினால் வராது. அப்படியானால் புத்தியுள்ள எவரும் பூட்டத்தான் செய்வார்கள். தலைமையாசிரியர்களைக் குறைசொல்லி இதைப் பேசவில்லை. கணினி என்ற பொருளைக் காக்க எழுதப்பட்ட விதி, கணினியைக் காக்கும். பிள்ளையைக் காப்பது அதன் வேலையாகவே இருந்ததில்லை.

அருகில் போய்ப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அறிவியல் பாடத்துக்கு ஏதோ தேடுகிறான். விளம்பரம் ஒன்றில் கை பட்டு, வரக்கூடாத பக்கம் வந்துவிடுகிறது. என்ன செய்வான்? பக்கத்தை மூட மாட்டான். பதற்றத்தில் மூடவும் தெரியாது. மானிட்டரின் பொத்தானை அமுக்குவான். திரை கறுத்துவிடும், பக்கம் அப்படியே இருக்கும். மணி அடிக்கும். அடுத்த பிரிவிலிருந்து ஏழாம் வகுப்புப் பெண் வந்து பொத்தானை அமுக்குவாள். இதைப் பார்த்த எவருக்கும் அந்த மானிட்டர் பொத்தான்தான் நம் பள்ளிகளின் உண்மையான வடிகட்டி என்பது புரியும். 'ஐயா, தெரியாமல் இது வந்துவிட்டது' என்று அவன் கையைத் தூக்கியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அப்படிச் சொல்லும் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறோம்?

அதே ஆய்வகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே லாகின், அதன் கடவுச்சொல் கரும்பலகை ஓரத்தில். இப்படி வைத்துக்கொண்டு, தவறு செய்தவரே பொறுப்பு என்று எழுதுவதில் அர்த்தமில்லை. யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாதபோது நாற்பது பேரையும் வெளியே நிறுத்துகிறோம். ஆளுக்கொரு லாகின் தருவது பள்ளியின் கடமை. அந்தக் கடமையைச் செய்த பிறகுதான் பிள்ளையின் பொறுப்பைப் பற்றிப் பேச நமக்கு வாய் உண்டு.

3. லோயர் மெரியன்

என் கருத்துக்கு ஒரே ஒரு வழக்கைச் சான்றாகக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், பிலடெல்பியா நகரை ஒட்டிய லோயர் மெரியன் பள்ளி மாவட்டம். வசதியான ஊர். அங்குள்ள இரண்டு மேல்நிலைப் பள்ளிகளின் மாணவர்களுக்கு, ஏறத்தாழ 2,300 பேருக்கு, வீட்டுக்கும் எடுத்துச் செல்ல ஆப்பிள் மடிக்கணினிகள் கொடுத்தார்கள். மாணவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதற்கு விதி இருந்தது.

அந்தக் கணினிகளில் திருடுபோனால் கண்டுபிடிக்க உதவும் மென்பொருள் ஒன்றும் இருந்தது. பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவர் அதை இயக்கிவிட்டால், கணினி எங்கிருந்தாலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்கேம் ஒரு படம் எடுக்கும். திரையில் இருப்பதையும் படம் எடுக்கும். இரண்டும் பள்ளியின் சர்வருக்குப் போய்ச் சேரும். இப்படி ஒன்று இருப்பதைப் பெற்றோருக்கும் சொல்லவில்லை, மாணவர்களுக்கும் சொல்லவில்லை.

2009 நவம்பரில் உதவி முதல்வர் ஒருவர் ஒரு மாணவனைக் கூப்பிட்டு, அவன் வீட்டில் இருந்தபோது எடுத்த படத்தை முன்வைத்துப் பேசினார். கையில் மாத்திரை போல ஏதோ இருப்பதாகப் பள்ளிக்குச் சந்தேகம். அது மிட்டாய் என்றான் பையன். போதைப்பொருளா மிட்டாயா என்பதா இங்கே கேள்வி? என் பிள்ளையின் அறைக்குள் பள்ளியின் கண் எப்படி வந்தது என்று குடும்பம் கேட்டது. 2010 பிப்ரவரியில் வழக்குத் தொடர்ந்தார்கள்.

பள்ளி மாவட்டமே ஏற்பாடு செய்த விசாரணையில், படங்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்று தெரிந்தது. அவற்றில் பல எப்படிச் சேர்ந்தன என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். காணாமல் போன கணினி கிடைத்துவிட்டது, மாணவரிடம் திரும்பக் கொடுத்தாகிவிட்டது, கண்காணிப்பை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. நிறுத்துவது யார் வேலை என்று எழுதியிருக்கவில்லை. யார் சொன்னால் இயக்கலாம், யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கும் எழுத்தில் ஒன்றும் இல்லை. குற்ற நோக்கத்துக்குச் சான்று கிடைக்கவில்லை என்று அரசு வழக்கறிஞர்கள் குற்ற வழக்குத் தொடராமல் விட்டார்கள். உரிமையியல் வழக்கு 2010 அக்டோபரில் 6,10,000 டாலருக்குச் சமரசத்தில் முடிந்தது. அதில் 4,25,000 வழக்கறிஞர்களுக்கே போனது. வழக்கறிஞர்கள் அவையில் இருந்தால் மன்னிக்க வேண்டும்.

இந்த வழக்கில் வில்லன் யாரும் இல்லை என்பதே எனக்கு அச்சம் தருகிறது. கெட்டவர் ஒருவர் ஒளிந்துகொண்டு பிள்ளைகளைப் பார்த்திருந்தால், கெட்டவரை நீக்கினோம், தீர்ந்தது என்று போகலாம். இங்கே சாதாரண ஊழியர்கள், சாதாரண மறதி. மாணவருக்கு விதி எழுதியவர்கள் தங்களுக்கு எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நம்மிடம் அந்த மென்பொருள் இல்லையே என்று நினைக்கலாம். ஆய்வகத்தில் ஆசிரியர் கணினியிலிருந்து எல்லாத் திரைகளையும் பார்க்கும் வசதி பல பள்ளிகளில் உண்டு. வராந்தாவில் சிசிடிவி உண்டு. அதன் காட்சி யாருடைய கைப்பேசியில் தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். கணினிகளைப் பொருத்திக் கொடுத்த ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர் நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தம் நோட்டில் எழுதிவைத்திருப்பார். அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும். கடவுச்சொல் அதே கடவுச்சொல்.

4. வாங்கி வைப்பதும் திறந்து பார்ப்பதும்

கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்று பள்ளி சொல்லலாம். கொண்டுவந்தால் வாங்கி வைக்கலாம். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. வாங்கிய கைப்பேசியை ஆசிரியர் அறையில் நான்கு பேர் சேர்ந்து திறந்து, கேலரியைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது வேறு செயல். முதலாவதற்கு அனுமதி இருந்தால் இரண்டாவதற்கும் உண்டு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இங்கே உதவும். நியூஜெர்சியில் 14 வயதுப் பெண் கழிப்பறையில் புகைபிடித்தாள் என்று பிடிக்கப்பட்டாள். நான் புகைப்பதே இல்லை என்றாள். உதவி முதல்வர் கைப்பையைத் திறந்தார், சிகரெட் இருந்தது; மேலும் துழாவினார், கஞ்சா விற்றதற்கான தடயம் கிடைத்தது. நீதிமன்றம் பள்ளியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் இரண்டு கேள்விகளை வைத்தது: சோதனையைத் தொடங்க நியாயமான காரணம் இருந்ததா? தேடிய அளவு, தேடிய காரணத்துக்கும் பிள்ளையின் வயதுக்கும் பொருந்துகிறதா? சிகரெட்டைத் தேடக் கைப்பையைத் திறக்கலாம். வகுப்பில் மணி அடித்த கைப்பேசியில் எதைத் தேட கேலரிக்குள் போகிறோம்?

கேரளத்தில் 2019இல் ஒரு தீர்ப்பு வந்தது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் மகளிர் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 வரை கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும் என்று விதி. ஒப்படைக்க மறுத்த மாணவியை விடுதியை விட்டு நீக்கினார்கள். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் வயது வந்த கல்லூரி மாணவி. எட்டாம் வகுப்புக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஒழுக்கத்துக்காக என்று சொன்னாலே விதி நியாயமாகிவிடாது என்ற பாடம் மட்டும் பொருந்தும்.

இதில் ஆசிரியர்களுக்கே ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. மாணவரின் கைப்பேசியில் ஒரு சிறுமியின் தகாத படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆதாரம் வேண்டுமே என்று ஆசிரியர் அதைத் தம் கைப்பேசிக்கு அனுப்பி, அங்கிருந்து தலைமையாசிரியருக்கும் அனுப்புகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு இத்தகைய படங்களைப் பரப்புவதைக் குற்றம் என்கிறது. பார்த்ததும் வைத்திருந்ததும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு புகார் சொல்வதைக் கடமையாக்குகிறது. கைப்பேசியை அணைத்து, உறையிலிட்டு, காவல்துறைக்கோ 1098 என்ற சிறார் உதவி எண்ணுக்கோ சொல்வதே வழி. இந்த ஒரு வரி எந்தப் பள்ளியின் விதித்தாளிலும் என் கண்ணில் பட்டதில்லை. பிள்ளைகளுக்கான தாளில் ஆசிரியருக்கான வரி எப்படி வரும்?

5. ஆய்வகத்துக்கு வெளியே

இதுவரை கதவுள்ள அறையைப் பற்றிப் பேசினேன். 2020இல் பள்ளிகள் மூடியபோது வகுப்பு கைப்பேசிக்குப் போனது. பள்ளி திறந்த பிறகும் திரும்பி வரவில்லை. இன்று பள்ளியின் உண்மையான வலையமைப்பு, ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியில் இருக்கும் வாட்ஸ்அப் குழுதான். வீட்டுப்பாடம், விடுமுறை அறிவிப்பு, கட்டணம் கட்டாதவர் பட்டியல், மதிப்பெண் பட்டியல், ஆண்டுவிழாவில் ஆடிய பெண்பிள்ளைகளின் படம் எல்லாம் அதில். அறுபது வீட்டார் எண்ணும் அறுபது வீட்டாருக்கும் தெரியும். சில அம்மாக்களுக்கு இரவில் யாரிடமிருந்தோ 'ஹாய்' வருகிறது; பிள்ளையின் பள்ளிக் குழுவிலிருந்து எப்படி வெளியேறுவது என்று தயங்கிப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

2021 மே மாதத்தில், சென்னைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்மீது மாணவிகள் புகார் சொன்ன பிறகு, இணையவழி வகுப்புகளைப் பதிவுசெய்து, பெற்றோரும் இடம்பெறும் குழு அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. பிள்ளைகளிடமிருந்து ஆசிரியரை நோக்கி விதி திரும்பிய அரிய தருணம் அது. பெரிய கெடுதல் நடந்த பிறகே திரும்பியது.

இப்போது 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது சட்டம். விதிகள் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்குத் தருகின்றன: கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கண்காணிக்கலாம். அதற்கு நியாயம் உண்டு. வருகைப்பதிவும் ஒருவகைக் கண்காணிப்புத்தானே. ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் எதையும் அடைக்கலாம். லோயர் மெரியனிலும் பாதுகாப்புக்காகத்தான் தொடங்கினார்கள். சட்டம் விட்ட அந்த இடத்தில் எல்லை போடுவது பள்ளியின் சொந்த விதி ஒன்றால்தான் முடியும்.

6. என்ன எழுதலாம்?

'விதியைத் தளர்த்தினால் பிள்ளைகள் விபிஎன் போட்டு எங்கெங்கோ போவார்கள், உங்களுக்குத் தெரியாதா?' என்று கேட்பீர்கள். தெரியும். இப்போதும் போகிறார்கள். தளர்த்தச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கான விதி நான்கு போதும் என்கிறேன்: அடுத்தவர் பெயரில் உள்ளே போகாதே; அடுத்தவர் படத்தைக் கேட்காமல் எடுக்காதே, மாற்றாதே, அனுப்பாதே; உன்னுடையது இல்லாத எழுத்தை, மனிதர் எழுதியதானாலும் எந்திரம் எழுதியதானாலும், உன்னுடையது என்று கொடுக்காதே; ஏதாவது தவறாக வந்தால் உடனே சொல், சொன்னதற்காக உன்னைத் தண்டிக்க மாட்டோம். கடைசி வரியில் வாக்குக் கொடுப்பது பள்ளி. அதைக் காப்பாற்றாவிட்டால் மற்ற மூன்றையும் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள்.

பள்ளிக்கான பகுதி இதைவிட நீளமாக இருக்கட்டும். நிர்வாகிக் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது, அவர்கள் மாறுதலில் போகும் நாளில் யார் அதை மாற்றுவார்? திரையைப் பார்க்கும் வசதி இருந்தால், இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோமா? எந்தப் பக்கங்களுக்குப் போனார்கள் என்ற பதிவு எத்தனை நாளில் அழியும்? வாங்கிய கைப்பேசியை யாரிடம், எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுப்போம்? வகுப்புக் குழுவில் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாதபடி அறிவிப்பு மட்டும் அனுப்பும் அமைப்பு ஏன் இல்லை? புகார் ஆசிரியர்மீதே என்றால் பிள்ளை யாரிடம் போகும்? இதற்கு 14417 என்ற உதவி எண் இருக்கிறது; அதைக் கதவுத்தாளில் பெரிய எழுத்தில் போடலாம். இவற்றுக்கு விடை எழுதப் பெரிய நிதி வேண்டாம்; ஒரு மதியம் உட்கார்ந்தால் போதும்.

யார் எழுதுவது? கேரளத்தில் 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்கள் இயங்குகின்றன. வகுப்பறைக் கருவிகளைப் பராமரிக்கவும் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் மாணவர்களையே பழக்குகிறார்கள். கருவியைப் பழுதுபார்க்கும் பிள்ளை அதை உடைக்காது என்பது அனுபவமுள்ள எந்த ஆசிரியருக்கும் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகள் இரண்டு பேரை விதி எழுதும்போது உட்காரவையுங்கள். நம்மிடம் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். சத்துணவும் கழிப்பறையும் அங்கே பேசப்படுகின்றன. ஆய்வகத் தாளும் அங்கே ஒருமுறை வாசிக்கப்படட்டும். அமெரிக்கச் சட்டம் கேட்ட பொதுக்கூட்டம் நமக்கு அந்த வழியில் செலவில்லாமலே கிடைக்கும்.

கையெழுத்து வரிசையையும் மாற்றச் சொல்கிறேன். இப்போது பிள்ளை ஒன்று, பெற்றோர் ஒன்று போட்டுக் கொடுக்கிறார்கள். பள்ளி வாங்கிக் கோப்பில் வைக்கிறது. தலைமையாசிரியரும் கணினிப் பயிற்றுநரும் தங்கள் பகுதிக்குக் கீழே முதலில் கையெழுத்திட்டு, நகலை வீட்டுக்கு அனுப்பட்டும். பிள்ளையின் கையெழுத்து அதற்குப் பிறகு.

இதில் எது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது ஆய்வகச் சாவியை அன்றாடம் கையில் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். கேள்வி நேரத்தைக் கணினிப் பயிற்றுநர்களிடமிருந்து தொடங்கும்படி அவைத்தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.